நாலாம் பாகத்து இன்ஸ்பெக்டர்

அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து செத்தார். மூன்று படங்களில் மாடிப்படியிலிருந்தும் ஏணியிலிருந்தும் விழுந்து ஊரைச் சிரிக்க வைத்த, எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்ட நடிகர், ஒரு சோப்புத் துண்டை மிதித்துப் போய்ச் சேர்ந்தார். செய்தி வந்ததும் பாதிப் பேர் அதையும் அடுத்த படத்துக்கான விளம்பரம் என்று நினைத்துச் சிரித்தார்கள். மீதிப் பேர் நம்பினார்கள். நம்பியும், வாயோரத்தில் எட்டிப் பார்த்த சிரிப்பைக் கையால் மூடிக்கொண்டார்கள். துளியும் சிரிப்பு வராமல் நின்றவர் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். சிரிக்காமல் நிற்பதுதான் அவர் பிழைப்பு.

இன்ஸ்பெக்டர் என்றால் நிஜ போலீஸ் இல்லை. பம்பரம் படங்களில் வரும் இன்ஸ்பெக்டர். பம்பரம் என்பது அண்ணன் ஏற்ற பாத்திரம்: ஓட்டை லாட்ஜ் ஒன்றின் மேனேஜர், நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றுகிற ஆள். அந்த லாட்ஜுக்குச் சீல் வைக்க ஒவ்வொரு பாகத்திலும் விறைப்பாக வந்து, ஒவ்வொரு பாகத்திலும் மானம் கப்பலேறித் திரும்புவது இன்ஸ்பெக்டர் வேலை. மூன்று பாகம் ஓடியதில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. மருந்துக் கடைக்காரர் முதல் மச்சினன் வரை எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்தான். வீட்டுக்காரி மட்டும் "இந்தாங்க" என்பாள்.

முதல் பாகத்தில் ஒரு கவுண்டர் சீன். லாட்ஜின் வரவேற்பு மேசைக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து நின்று, "யாரும் இல்லையா?" என்று அதட்ட வேண்டும். பம்பரம் வந்து ஒரு கும்பிடு போட வேண்டும். ஒத்திகையில் அப்படித்தான் செய்தார்கள். டேக் போனதும் அண்ணன் கும்பிடவில்லை. மேசைமேல் இருந்த அழைப்பு மணியைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், ஒற்றை விரலை நீட்டி இன்ஸ்பெக்டரின் மூக்கை மணி மாதிரி அமுக்கிவிட்டு, உள்பக்கம் திரும்பி, "ஆளு வந்திருக்கு!" என்று கூவினார்.

அப்போது இன்ஸ்பெக்டர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதுதான் போஸ்டர். அதுதான் பம்பரம் படங்கள். இரண்டாம் பாகத்தில் அண்ணன் விரலை நீட்ட, இவர் பயந்து கண்ணை மூட, அண்ணன் அப்படியே இவரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. இவர் கண்ணை மூடியபடி மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் பாகத்தில் இவர் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டே உள்ளே வந்தார், அண்ணன் அந்தக் கையைப் பிடித்து, அதன் விரலாலேயே தன் மூக்கை அமுக்கிக்கொண்டு, "வந்துட்டேன் சார்!" என்று விறைத்து நின்றார். எதுவும் ஒத்திகையில் இல்லை. எதையும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. ஒத்திகை ஒன்று, டேக் வேறொன்று: அண்ணன் வேலை செய்த விதம் அவ்வளவுதான்.

அதனால் ஒரு கேடு விளைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் நடிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. திடுக்கிடுவது நடிப்பல்ல, அவர் நிஜமாகத்தான் திடுக்கிட்டார். நடுவில் வேறொரு படத்தில் அப்பா வேஷம் கட்டிப் பார்த்தார். மகள் தாலியைக் கழற்றி வைத்து அழுகிற கட்டத்தில் தியேட்டரில் எவனோ, "மூக்க அமுக்கும்மா!" என்று கத்தினான். அதோடு அப்பா வேஷமும் போயிற்று.

அண்ணன் போன பிறகு நாலாம் பாகத்துக்கு ஆள் தேடினார்கள். நல்ல நடிகர்கள், சொந்தச் சரக்கு உள்ளவர்கள், இரண்டு பேர் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டார். சொந்தச் சரக்கு உள்ளவனுக்கு இவர் எதற்கு? அவன் தனக்கென்று ஓர் இன்ஸ்பெக்டரைக் கூட்டி வருவான். ஆகவே படமெடுக்கும் முதலாளியிடம் போய், "ஜனங்களுக்கு அதே அண்ணன் வேணும். ஒரு மயிரிழை மாறுனாலும் நாற்காலிய ஒடைப்பாங்க" என்று ஓதினார். மேடைகளில் அண்ணன் மாதிரியே பேசி, அண்ணன் மாதிரியே நடந்து வயிறு வளர்த்த ஒருவனைக் கூட்டி வந்து காட்டியதும் அவர்தான். படப்பிடிப்பில் எல்லோரும் அவனை ஜெராக்ஸ் என்றார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தான்.

ஜெராக்ஸ் மூன்று பாகங்களையும் தலைகீழாக ஒப்பிப்பான். அண்ணனின் இருமல் வரை அப்படியே வரும். அதுதான் இன்ஸ்பெக்டர் தலையில் இடியாக இறங்கியது.

"ஆக்‌ஷன்!"

ஜெராக்ஸ் மணியைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். விரலை நீட்டினான். அமுக்கினான். "ஆளு வந்திருக்கு!"

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வரும் என்று தெரிந்த விரல். எந்தக் கோணத்தில் வரும், எவ்வளவு அழுத்தும் என்றுகூடத் தெரிந்த விரல். ரேஷன் வரிசையில் நிற்பவன் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

"கட்! சார், கொஞ்சம் ஷாக் வேணும் சார்" என்றார் டைரக்டர். அண்ணன் காலத்தில் கிளாப் அடித்துக்கொண்டிருந்தவர். இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், இன்ஸ்பெக்டரைப் பார்த்தால் பாதி எழுந்துவிடுவார்.

மறுபடி எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணை உருட்டினார்.

"கட்! இது பேதிக்குக் குடுத்த மாதிரி இருக்கு சார். ஷாக் சார், ஷாக்."

மறுபடி. மறுபடி. எத்தனையாவது டேக் என்று கிளாப்காரரே எண்ணாமல் விட்டார். மேக்கப் அக்கா ஒவ்வொரு இடைவெளியிலும் ஓடிவந்து பவுடர் அப்பினாள். "மூக்கு செவந்து போச்சு. இதுக்கு மேல அமுக்குனா அதுவே தனியா சம்பளம் கேக்கும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. லைட்காரர்கள் மேலே பலகையில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் காலத்தில் அவர்கள் சிரிப்பு சவுண்டில் விழுந்துவிடக் கூடாதென்று வாயில் துணியைத் திணித்துக்கொள்வார்கள். இப்போது ஒருவர் அப்பட்டமாகக் கொட்டாவி விட்டார்.

முதலாளி எழுந்து வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அந்தச் சின்னக் குரல் இன்னும் சின்னதானால் ஆபத்து.

"யோவ் இன்ஸ்பெக்டர், உனக்கு வயசாயிடுச்சாய்யா?"

"இல்ல முதலாளி. காலைல சரியா தூங்கல, அதான்..."

"காலைல எதுக்குய்யா தூங்குற? நாளைக்கு ஒரு நாள். மதியத்துக்குள்ள இந்த சீன் வரணும். வரலன்னா கதைல இன்ஸ்பெக்டருக்கு டிரான்ஸ்பர் போட்டுருவேன். லேடி இன்ஸ்பெக்டர் ஒண்ணு கொண்டாரலாம்னு மாப்பிள்ளை வேற சொல்றாரு."

"லேடி மூக்க எப்படி முதலாளி அமுக்குறது? கேஸாகிடும்."

"அது எங்க கவலை."

உடை மாற்றப் போனபோது துணி அறையில் தையல்காரர் குனிந்து வேலையாக இருந்தார். இன்ஸ்பெக்டரின் இன்னொரு யூனிஃபார்ம் சட்டை மேசையில் கிடந்தது. இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்தியிருந்தார்; தோள்பட்டை ஒடுங்கியிருந்தது, இடுப்பு வளைந்திருந்தது. இவரைக் கண்டதும் தையல்காரர் ஒரு துண்டைத் தூக்கிச் சட்டைமேல் போட்டார், பிணத்தை மூடுவது போல.

"அளவு பாக்குறீங்களாண்ணே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சும்மா... பழைய சட்டை, லூசா இருந்திச்சு..."

"எனக்கு அது டைட்டுல்ல?"

தையல்காரர் வாயில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றார். கண்ணை விரித்தார், வாயைப் பிளந்தார், புருவத்தைத் தூக்கினார். கண்ணாடியில் ஒரு ஆள் பல் டாக்டரிடம் வந்த மாதிரி நின்றான். முழுதாகப் பழக்கம் விட்டுப்போன முகம். அண்ணன் இல்லாமல் அந்த முகத்துக்கு ஒரு வேலையும் தெரியவில்லை.

வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிப்பவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வேலை போனா போகட்டும். என் சம்பளம் இல்லியா?"

"சம்பளத்துக்கா நான் சாகுறேன்? நாளைக்கு அவங்க தூக்கிட்டா, அண்ணனோட என்னையும் சேத்துப் பொதைச்ச மாதிரி. அவரையாவது அழுது பொதைச்சாங்க."

அவள் எழுந்தாள். "சரி, திரும்பி நில்லுங்க" என்றாள்.

அவர் திரும்பி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்தார். என்ன செய்கிறாள் என்று யோசித்து, சரி, சமையலறைக்குப் போய்விட்டாள் போல என்று அசந்த நேரத்தில், தட்டு ஒன்று பின்னால் டமாரென்று விழுந்தது. அவர் ஒரு முழம் எகிறிக் குதித்தார்.

"வந்துச்சு! வந்துச்சுடி! மூஞ்சியப் பாத்தியா? எப்படி இருந்திச்சு?"

"நான் பின்னால நிக்குறேன். மூஞ்சிய எங்கேருந்து பாக்க?"

"சரி, முன்னால வந்து போடு."

முன்னால் வந்து போட்டாள். தட்டு விழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் ரேஷன் வரிசைக்கே திரும்பிப் போயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து, "என்னங்க, சண்டையா?" என்று குரல் வந்தது. "இல்லீங்க, ஒத்திகை" என்றாள் வீட்டுக்காரி. பிறகு தட்டின் நெளிவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அவன வேற ஏதாச்சும் செய்யச் சொல்லுங்களேன். அவன் செய்யறது உங்களுக்குத் தெரியக் கூடாது, அவ்ளோதானே?" என்றாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் நேராக ஜெராக்ஸின் அறைக்குப் போனார். அவன் போனில் முதல் பாகத்தை ஓடவிட்டு, அண்ணன் விரலை நீட்டுகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க இன்ஸ்பெக்டரண்ணே. இங்க பாருங்க, சுண்டு விரல் லேசா தூக்கியிருக்காரு. நேத்து நான் தூக்கல. அதான் சீன் வரல."

"தம்பி, சுண்டு விரல விடு. எனக்கு ஒரு உதவி பண்ணு. இன்னிக்கு வேற எதாவது செய்."

"வேறன்னா?"

"என்ன வேணா. காதத் திருகு. மூஞ்சில தண்ணி ஊத்து. அறைஞ்சுகூட விடு. எங்கிட்ட சொல்லாத, அவ்ளோதான்."

ஜெராக்ஸ் போனை அணைத்தான்.

"அண்ணே, நான் எப்படிண்ணே? அவர் செய்யாதத நான் எப்படிச் செய்வேன்?"

"ஏன், உனக்குன்னு ஒண்ணும் தோணாதா?"

"தோணுதான்னு இத்தன வருஷத்துல யாரும் கேட்டதில்லண்ணே. எங்கம்மாவே போன்ல கூப்பிட்டா அவர் குரல்ல பேசுடாங்குது. என் குரல்ல பேசுனா, ராங் நம்பர்னு வச்சிடுது." அவன் குரல் தழுதழுத்தது; தழுதழுத்ததுகூட அண்ணனின் மூன்றாம் பாகத்து அழுகைக் குரலில்தான் வந்தது. "நீங்கதானேண்ணே முதலாளிகிட்ட சொன்னீங்க, மயிரிழைகூட மாறக் கூடாதுன்னு. அத நம்பித்தான் வந்தேன்."

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

படப்பிடிப்பு நடக்கும் ஃப்ளோரில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டரின் தொப்பி அவள் மடியில் இருந்தது.

காலை முழுக்க எடுத்தார்கள். ஜெராக்ஸ் சுண்டு விரலைத் தூக்கினான். விரல் அழகாக வந்தது, அழகாக அமுக்கியது. இன்ஸ்பெக்டர் நாக்கைக் கடித்துப் பார்த்தார், ஷூவுக்குள் ஒரு கல்லைப் போட்டு மிதித்துப் பார்த்தார். அம்மா செத்த நாளை நினைத்துப் பார்த்தார். அப்போது முகம் சோகமாயிற்று, டைரக்டர் "சார், இது காமெடி சார்" என்று கெஞ்சினார். அந்தப் பெண் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, போன் கேமராவில் பார்த்துச் சரி செய்துகொண்டாள்.

"கடைசி" என்றார் முதலாளி. குரல் காற்றைவிடச் சின்னதாக வந்தது.

"ஆக்‌ஷன்!"

இன்ஸ்பெக்டர் விறைப்பாக நடந்து கவுண்டருக்கு வந்தார். "யாரும் இல்லையா?" ஜெராக்ஸ் சுழன்று வந்தான். மணியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். விரல் கிளம்பியது. அது வருவதை அவர் பார்த்தார். வெட்டிய நகம், தூக்கிய சுண்டு விரல், மேக்கப் அக்கா அப்பிய பவுடரின் வெள்ளை நுனியில். அதே வேகம், அதே வளைவு. செத்தவனின் விரல் உயிருள்ளவன் கையில் வருகிறது என்று தோன்றியது. அது மூக்கைத் தொட்டதும் தன் கதை முடிந்தது என்றும் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அவர் வாயைத் திறந்து அந்த விரலைக் கவ்வினார்.

சும்மா கவ்வவில்லை. கடித்தார். எலும்பில் பல் படுகிற மாதிரிக் கடித்தார்.

"அய்யோ! அம்மா! விடுய்யா! யோவ், விடுய்யா நாயே! கையி, என் கையி!"

கீச்சென்று, மூக்கால் பேசுகிற, ஒருவரும் அதுவரை கேட்டிராத குரல். ஜெராக்ஸின் சொந்தக் குரல். கண்கள் இரண்டும் வெளியே பிதுங்க, மற்ற கையால் மேசைமேல் இருந்த மணியை அவன் அடித்த அடியில் ஃப்ளோரெங்கும் டிங் டிங்கென்று மணி ஒலித்தது. இன்ஸ்பெக்டர் விடவில்லை. விட்டால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மேலே பலகையிலிருந்து ஒரு லைட்காரர் வெடித்தார். பிறகு எல்லோரும். டைரக்டர் கட் சொல்ல மறந்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். மேக்கப் அக்கா பவுடர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளியின் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கிச் சின்னச் சின்ன ஒலிகளை எழுப்பியது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். தொப்பி அவள் தலையிலிருந்து கழன்று உருண்டது.

அண்ணன் போன பிறகு அந்த ஃப்ளோரில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"இதான்யா! இதான்யா நாலாம் பாகம்!" முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து இன்ஸ்பெக்டரைக் கட்டிக்கொண்டார். "இத்தன நாள் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த? இன்ஸ்பெக்டருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. பம்பரம் பயந்து சாகுறான். கதையவே மாத்துறோம். இனிமே சீனுக்கு சீன் நீ எதாவது பண்ற. என்ன பண்ணப் போறேன்னு ஒரு ஆளுக்கும் சொல்லாத, எனக்கும் சொல்லாத. அண்ணன் மாதிரி!"

"முதலாளி, அது வந்து..."

"சொல்லாதய்யா! சொன்னா கெட்டுது."

அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் இன்ஸ்பெக்டர் படிக்கட்டுக்குக் கீழே நின்று வீட்டுக்காரிக்குப் போன் போட்டார்.

"வேலை நெலைச்சிருச்சு."

"அப்பாடா. என்ன பண்ணீங்க?"

"கடிச்சிட்டேன்."

"யார?"

"அவனோட விரல."

அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. "எதுக்குக் கடிச்சீங்க?"

"தெரியல. அடுத்த சீனுக்கு என்ன பண்றதுன்னும் தெரியல. அரை மணி நேரத்துல எடுக்குறாங்க. எதாவது சொல்லேன்."

"கடிக்கும்போதும் தெரியாமத்தானே செஞ்சீங்க? அதே மாதிரி தெரியாமச் செய்யுங்க."

"தெரியாமச் செய்யறது எப்படின்னு தெரியலயேடி!"

"எனக்கு பெல் அடிச்சிட்டாங்க, வைக்கிறேன்" என்றாள் அவள்.

ஜெராக்ஸ் விரலில் வெள்ளைக் கட்டோடு வந்தான். மற்ற கையில் டீ. அதை இன்ஸ்பெக்டரிடம் நீட்டிவிட்டு இரண்டு அடி தள்ளிப்போய் நின்றான்.

"வலிக்குதா தம்பி?"

"ரெண்டு தையல்ணே. பரவால்ல." அவன் சொந்தக் குரலிலேயே பேசினான். திரும்பவும் அண்ணன் குரலுக்குப் போக அவனுக்கு வாய் வரவில்லை போல. "எல்லாரும் சிரிச்சாங்க இல்ல? என் குரலுக்கா சிரிச்சாங்க?"

"ஆமா."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

இன்ஸ்பெக்டர் டீயை ஊதினார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த சீன்ல என்ன பண்ணப் போறீங்கன்னு எனக்கு மட்டும் சொல்லிடுங்க. முதலாளிகிட்ட மூச்சு விட மாட்டேன். நான் ஆச்சரியப்பட்ட மாதிரி நல்லா நடிச்சிருவேன். உள்ளுக்குள்ள பயமா இருக்குண்ணே."

இன்ஸ்பெக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் போஸ்டரில் பார்த்த தன் முகம் அங்கே நின்றுகொண்டிருந்தது. திடுக்கிடுவது மட்டுமே தன் வேலையாக இருந்த காலம் எவ்வளவு லேசாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. அண்ணன் மூட்டை நிறையச் சரக்கோடு ஃப்ளோருக்கு வருகிறார் என்றே அத்தனை வருஷமும் நம்பியிருந்தார். அந்த மனுஷனும் வெறுங்கையோடு வந்து, கேமரா ஓடத் தொடங்கிய பிறகுதான் எதையாவது எட்டிப் பிடித்தாரா? பிடிக்காமல் போகும் என்று ஒவ்வொரு முறையும் செத்துச் செத்துப் பிழைத்தாரா? கேட்க ஆள் இல்லை.

"சொல்லுங்கண்ணே."

எதையாவது சொல்லலாம் என்றுதான் அவருக்கு இருந்தது. சொல்ல ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லலாம் என்றும் இருந்தது. அதைச் சொன்னால் இவன் முதலாளியிடம் போகாவிட்டாலும், இவன் முகத்திலிருந்து அந்தப் பயம் போய்விடும். பயம் போனால் சிரிப்பு போகும். சிரிப்பு போனால் தொப்பிக்கு வேறு தலை வரும்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

ஜெராக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். "சரிண்ணே" என்றான். கட்டுப் போட்ட கையை மற்ற கையால் பொத்திக்கொண்டு லைட்டுக்குள் நடந்தான்.

மாடிப்படி சீன். படியின் மேல் முனையில் பம்பரம், கீழே இன்ஸ்பெக்டர். ஒத்திகையில் இன்ஸ்பெக்டர் ஏறிப் போய் ஒரு வாரண்டைக் கொடுத்தார், பம்பரம் வாங்கிக்கொண்டான். சுருக்கமாக முடிந்தது. யாரும் ஒத்திகையைக் கவனிக்கவில்லை. எல்லோரும் டேக்குக்காகக் காத்திருந்தார்கள். லைட்காரர்கள் பலகையின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கழுத்துத் துணியை உருட்டித் தயாராக வாயருகே வைத்துக்கொண்டார். மேக்கப் அக்கா கண்ணில் ஒளியோடு, "கலக்குங்க இன்ஸ்பெக்டர்" என்று கிசுகிசுத்தாள். முதலாளி இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார்.

"ஆக்‌ஷன்!"

இன்ஸ்பெக்டர் முதல் படியில் கால் வைத்தார். மேலே ஜெராக்ஸ் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். அவன் உதடு நடுங்கியது, அது நடிப்பில்லை. கீழே யாருக்கோ அதற்குள் சிரிப்பு வந்து, அடக்கிய சத்தம் கேட்டது. இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை, அதற்குள் சிரிக்கிறார்கள்.

அவர் ஏறினார். கையில் வாரண்ட் இருந்தது. இதைத் தின்னலாமா, கிழிக்கலாமா, அவன் நெற்றியில் ஒட்டலாமா? எதுவும் சிரிப்பாக இல்லை. திரும்பி இறங்கிவிடலாமா? குதிக்கலாமா? படி குறைந்துகொண்டே வந்தது. ஜெராக்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் இமைகள் துடிப்பது தெரிகிற தூரத்துக்கு வந்தாயிற்று. ஃப்ளோர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேமரா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். எதற்குத் தூக்கினோம் என்று அவருக்குத் தெரியவில்லை.